ஷவர் பகுதியைப் புதுப்பிக்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குளியலறையை ஆசை ஆசையாகப் புதுப்பித்து 14 மாதம்கூட ஆகவில்லை, பக்கத்துப் படுக்கையறைச் சுவரின் அடியில் ஓதம் ஏறி வண்ணம் பொரிந்து உதிர ஆரம்பித்தது. டைல்ஸில் ஒரு கீறல் இல்லை, எந்தக் குழாயிலும் கசிவு இல்லை. உடைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: சுவரும் தரையும் சேரும் மூலையில் நீர்க்காப்புப் பூச்சு கையகலத்துக்கு விட்டுப்போயிருந்தது. இரண்டாம் முறை வேலை நடந்தபோது ஒவ்வொரு கட்டத்திலும் கூடவே நின்று பார்த்தேன், கேட்டேன், படித்தேன். அதன் பிறகு சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இவை.

முதலில் எதை முடிவு செய்வது? டைல்ஸா, குழாய்களா?

இரண்டும் வேண்டாம். ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய் நில்லுங்கள். ஷவர் எந்தச் சுவரில் வரும், தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும், கண்ணாடி எங்கே நிற்கும் என்று தரையில் கோடு போடுங்கள். கோட்டுக்குள் நின்று குனிந்து, கால் தேய்ப்பதுபோலச் செய்து பாருங்கள். 900 மி.மீ.க்கு 900 மி.மீ. இருந்தால் ஒருவர் நிம்மதியாகக் குளிக்கலாம். 760 மி.மீ.க்குக் கீழே குறைந்தால் முழங்கை சுவரில் இடித்துக்கொண்டே இருக்கும்.

அதற்கப்புறம் வரிசை எளிது. பின்னாளில் மாற்ற வேண்டுமென்றால் எதை உடைக்க வேண்டியிருக்குமோ, அதை முதலில் தேர்ந்தெடுங்கள். வடிகால், வாட்டம் (தண்ணீர் ஓடத் தரைக்குக் கொடுக்கும் சரிவு), நீர்க்காப்பு, சுவருக்குள் போகும் குழாய்கள் எல்லாம் இதில் சேரும். அடுத்தது டைல்ஸ். ஸ்பேனரும் ஸ்க்ரூடிரைவரும் வைத்து ஒரு மணி நேரத்தில் மாற்றக்கூடிய ஷவர் முகம், கைப்பிடி, சோப்புத் தட்டு ஆகியவை கடைசியில் வரட்டும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். தங்க நிறக் குழாய்க்குப் பணம் போனபின், மிச்சமிருப்பதை வைத்து நீர்க்காப்பு செய்கிறோம்.

டைல்ஸ் ஒட்டினாலே தண்ணீர் இறங்காதே? தனியாக நீர்க்காப்பு எதற்கு?

எனக்கு நஷ்டம் வைத்த நம்பிக்கை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டைலுக்குள் தண்ணீர் போகாமல் இருக்கலாம். ஆனால் டைல்களுக்கு நடுவே நிரப்பும் சிமென்ட் கிரௌட் தண்ணீரை உறிஞ்சும். தினமும் இரண்டு மூன்று பேர் குளிக்கும் இடத்தில் கிரௌட் வழியாகக் கொஞ்சம் ஈரம் கீழே இறங்கத்தான் செய்யும். அதைத் தடுத்து வடிகாலுக்குத் திருப்பிவிடுவது டைலுக்கு அடியில் இருக்கும் நீர்க்காப்புப் படலம். டைல் அதன்மேல் போர்த்திய சட்டை மாதிரி.

படலத்தில் வகைகள் உண்டு: சிமென்ட்டோடு பாலிமர் திரவம் கலந்து பூசுவது, ரப்பர் போலக் காயும் திரவம், ஒட்டும் விரிப்பு. எதை எடுத்தாலும் கவனிக்க வேண்டிய இடங்கள் ஒன்றுதான். சுவரும் தரையும் சேரும் மூலை, சுவரும் சுவரும் சேரும் மூலை, குழாய் வெளியே வரும் துளை, வடிகாலின் விளிம்பு. மூலைகளில் வலைத்துணி நாடாவைப் பதித்துத்தான் பூச வேண்டும். கட்டடம் கொஞ்சம் அசைந்தாலும் வெறும் பூச்சு அங்கே கீறிவிடும். குறைந்தது இரண்டு கை பூச வேண்டும். முதல் கை காய்ந்த பிறகு, அதற்குக் குறுக்குத் திசையில் இரண்டாம் கை. ஷவர் சுவரில் ஷவர் முகத்தின் உயரத்துக்கு மேல்வரை ஏற்றுங்கள். முழங்கால் உயரத்தோடு நிறுத்தினால் போதும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பூச்சு காய்ந்ததும் வடிகாலை அடைத்துவிட்டு, தரை முழுக்க மூழ்கும்படி தண்ணீர் கட்டுங்கள். நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து, குறைந்தது 24 மணி நேரம் விடுங்கள். மேலே ஆவியாகி ஒரு மெல்லிய கோடு இறங்கலாம். அதற்கு மேல் இறங்கினாலோ, கீழ்த்தளக் கூரையிலோ பக்கத்துச் சுவரிலோ ஈரம் தெரிந்தாலோ, டைல் வேலையைத் தொடங்க விடாதீர்கள். இந்த ஒரு நாளைக் கொத்தனார் வீண் நாள் என்பார். என் வீட்டில் முதல் முறை இந்த ஒரு நாளைத்தான் மிச்சப்படுத்தினோம்.

பழைய டைல்ஸின் மேலேயே புதிதை ஒட்டலாமா?

உலர்ந்த பகுதிச் சுவரில், பழைய டைல் அசையாமல் உறுதியாக இருந்தால் ஒட்டலாம். அதற்கென்று பசை இருக்கிறது. ஷவர் பகுதியில் வேண்டாம். அடியில் இருக்கும் நீர்க்காப்பின் நிலைமை தெரியாமல் மேலே புதிதாக அடுக்குவது, காய்ச்சல்காரருக்குப் புதுச் சட்டை போடுவதற்குச் சமம்.

வாட்டம் எவ்வளவு இருக்க வேண்டும்?

ஒரு மீட்டருக்கு 20 மி.மீ. சரிவு. வடிகாலிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளியிருக்கும் மூலை 30 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். இதைவிடக் குறைந்தால் தண்ணீர் தேங்கும், நிறையக் கூடினால் நிற்கும்போது கால் ஒரு பக்கம் இழுக்கும்.

பலர் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. இந்த வாட்டம் டைலின் மேற்பரப்பில் மட்டும் இருந்தால் போதாது. நீர்க்காப்புப் படலத்துக்கு அடியில் போடும் சிமென்ட் தளத்திலேயே இருக்க வேண்டும். படலம் சமமாக இருந்தால், கிரௌட் வழியே இறங்கிய ஈரம் அதன்மேல் நகராமல் நிற்கும். எவ்வளவு கழுவினாலும் போகாத ஊசல் வாடை, எப்போதும் கறுத்தே தெரியும் கிரௌட் கோடுகள் ஆகியவற்றுக்குப் பல வீடுகளில் இதுதான் காரணம். தளம் போட்ட அன்றே ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

சதுர வடிகாலா, நீள வடிகாலா?

தரைக்கு எந்த அளவு டைல் வேண்டும் என்பதே இதைத் தீர்மானிக்கும். நடுவில் சதுர வடிகால் வைத்தால் நாலா பக்கமிருந்தும் சரிவு வர வேண்டும். பெரிய டைல் அப்படி வளையாது. மூலைவாக்கில் வெட்டித்தான் போட முடியும். சின்னச் சின்ன மொசைக் டைல் அழகாகப் படிந்துவிடும். சுவரோரம் நீள வடிகால் வைத்தால் ஒரே பக்கச் சரிவு போதும், பெரிய டைலை வெட்டாமலே போடலாம். விலை கூடும். தலைமுடியும் நூலும் சிக்கும்போது மூடியைக் கையால் தூக்கி எடுக்க முடிகிறதா என்று வாங்கும்போதே செய்து பாருங்கள்.

எதை வாங்கினாலும் வடிகாலுக்குக் கீழே உள்ள டிராப் என்னும் தடுப்புப் பகுதியில் தண்ணீர் தேங்கி நிற்கும் ஆழம் 50 மி.மீ. இருக்கட்டும். சாக்கடைக் காற்றை அறைக்குள் வரவிடாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். அதிகம் புழங்காத குளியலறையில் அது வற்றிப்போய் நாற்றம் வரும். வாரம் ஒருமுறை ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது.

தரைக்கு எந்த டைல் வழுக்காது?

கடையில் காய்ந்த டைலைக் கையால் தடவிப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மாதிரித் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, தண்ணீரும் கொஞ்சம் ஷாம்பூவும் ஊற்றி, வெறுங்காலால் தேய்த்துப் பாருங்கள். நான் நம்பும் சோதனை இது.

அட்டைப்பெட்டியில் ஆர்9, ஆர்10, ஆர்11 என்று எழுதியிருப்பார்கள். எண் கூடினால் பிடிமானம் கூடும் என்பது சரி. ஆனால் அந்த எண், எண்ணெய் தடவிய சரிவுப் பலகையில் காலணி போட்டவர் நடந்து எடுத்த அளவு. குளிக்கும்போது யாரும் காலணி போடுவதில்லை. சோப்புத் தண்ணீரில் வெறுங்காலோடு நடந்து அளக்கும் ஏ, பி, சி என்ற தனித் தரவரிசை இருக்கிறது. ஷவருக்குப் பி வகை பொருத்தம். டிசிஓஎஃப் என்ற உராய்வு அளவு போட்டிருந்தால் ஈரத்தில் 0.42க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் பொதுவான உள்தளங்களுக்குச் சொல்லும் அடிமட்ட அளவுதான், சோப்பு வழியும் இடத்தில் அதற்கு மேல் இருப்பது நல்லது.

மொசைக் இன்னொரு வகையிலும் உதவும். டைல் சின்னதானால் கிரௌட் கோடுகள் அதிகம், ஒவ்வொரு கோடும் பாதத்துக்கு ஒரு பிடி. பளபளப்பான டைல் தரைக்கு வேண்டவே வேண்டாம். அது எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, உங்கள் வீட்டில் வயதானவர்கள் இல்லாவிட்டாலும் சரி.

சுவருக்கு?

சுவரில் யாரும் நடக்கப்போவதில்லை, ஆகவே உங்கள் கண்ணுக்குப் பிடித்ததை எடுங்கள். சாதாரண செராமிக் சுவர் டைல் 10 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சும், போர்சலைன் 0.5 சதவீதமோ அதற்கும் குறைவோதான். பின்னால் நீர்க்காப்பு சரியாக இருந்தால் இரண்டுமே சுவருக்குத் தாங்கும். தரைக்குப் போர்சலைன்தான்.

பெரிய டைலில் கிரௌட் கோடு குறைவு, துடைப்பது எளிது. ஆனால் சுவர் நூல் பிடித்ததுபோல நேராக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு டைலின் விளிம்பு அடுத்ததைவிடத் துருத்திக்கொண்டு நிற்கும். செங்கல் அடுக்குபோலப் போட ஆசைப்பட்டால் நீளமான டைலைப் பாதிக்குப் பாதி தள்ளாமல், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் தள்ளிப் போடச் சொல்லுங்கள். நீள டைல்கள் நடுவில் லேசாக வளைந்திருக்கும், பாதியில் தள்ளினால் ஒன்றின் மேட்டுக்கு அருகில் மற்றொன்றின் பள்ளம் வந்து நிற்கும்.

ஒட்டும் முறையையும் கவனியுங்கள். நான்கு மூலைக்கும் நடுவுக்கும் பசை உருண்டை வைத்து அழுத்துவது வேகமான வேலை, ஆனால் பின்னால் பொந்து விழும், பொந்தில் தண்ணீர் தங்கும். ஈரப் பகுதியில் டைலின் பின்பக்கம் 95 சதவீதம் பசையில் பதிந்திருக்க வேண்டும். ஒட்டிய உடனே ஒரு டைலைப் பெயர்த்துக் காட்டச் சொல்லுங்கள். நல்ல வேலைக்காரர் கோபப்பட மாட்டார்.

மார்பிள் போடலாமா?

போடலாம், பராமரிக்க நேரம் இருந்தால். எலுமிச்சை, வினிகர், அமிலம் கலந்த சுத்திகரிப்புத் திரவம் எது பட்டாலும் மார்பிளின் பளபளப்பை அரித்து வெண்தழும்பு விழவைக்கும். உப்புக் கறையைப் போக்க நாம் தேடிப் போவது அந்த அமிலங்களைத்தான். உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் மார்பிள் தோற்றமுள்ள போர்சலைனே என் தேர்வு.

கிரௌட்டில் எது நல்லது, சிமென்ட்டா எபாக்ஸியா?

ஷவர் தரைக்கும் தரையை ஒட்டிய சுவருக்கும் எபாக்ஸி, அதாவது கலந்ததும் இறுகும் பிசின் வகை. தண்ணீரை உறிஞ்சாது, கறை பிடிக்காது, உறிஞ்சாமல் தடுக்கும் சீலரை மேலே பூச வேண்டாம். சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் கைப்பழக்கம் உள்ளவர்தான் போட வேண்டும். டைல் மேல் படிந்ததை உடனே துடைக்காவிட்டால் பிறகு சுரண்டி எடுப்பது பெரும்பாடு. நிறத்தைப் பொறுத்தவரை, வெள்ளை கிரௌட்டைத் தரையில் தவிர்த்துவிடுங்கள். டைலைவிட ஒரு பங்கு கருமையான சாம்பல் பல வருடம் அப்படியே தெரியும்.

மூலைகளில் மட்டும் கிரௌட் கூடாது, சிலிக்கான்தான். இரண்டு சுவர்களும் வெப்பத்தில் வேறு வேறு அளவில் அசையும், இறுகிய கிரௌட் அங்கே நூலிழையாக வெடிக்கும். பூஞ்சை எதிர்க்கும் வகைச் சிலிக்கானைக் கேட்டு வாங்குங்கள். சில வருடத்துக்கு ஒருமுறை உரித்துப் புதிதாகப் போட வேண்டியது அது. அதை வேலையின் குறையாக நினைக்காதீர்கள்.

மழை ஷவர் வைத்தால் மழைபோல விழுமா?

உங்கள் தண்ணீரின் அழுத்தத்தைப் பொறுத்தது. மாடித் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீர் என்றால், 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 1 பார் அழுத்தம் கிடைக்கும். தொட்டி ஷவருக்கு 3 மீட்டர் மேலே இருந்தால் 0.3 பார்தான். பெரிய மழை ஷவருக்கு அது போதாது, நடுவில் மட்டும் சொட்டும். ஷவரின் பெட்டியில் குறைந்தபட்ச அழுத்தம் போட்டிருக்கும், அதைப் படித்துவிட்டு வாங்குங்கள். பத்தாது என்றால் சின்ன முகமுள்ள ஷவர் எடுக்கலாம், அல்லது அழுத்தம் கூட்டும் பம்ப் வைக்கலாம்.

ஷவர் குழாய் முனையில் ஒரு வாளியை வைத்து ஒரு நிமிடம் திறந்து பாருங்கள். 8 முதல் 10 லிட்டர் வந்தால் நல்ல ஷவருக்குத் தாராளம்.

ஒன்றைத்தான் வைக்க முடியும் என்றால் நான் கைஷவரையே சொல்வேன். தலை நனையாமல் குளிக்க, குழந்தையைக் குளிப்பாட்ட, உட்கார்ந்து குளிப்பவருக்கு உதவ, கடைசியில் சுவரைக் கழுவ என்று எல்லாவற்றுக்கும் அது கைகொடுக்கும். மேலே கீழே நகர்த்தும் தண்டோடு வாங்கினால் உயரமானவருக்கும் சிறுவருக்கும் பொருந்தும்.

மறைவு டைவர்ட்டர் நல்லதா, வெளியே தெரியும் மிக்சர் நல்லதா?

வெந்நீரையும் குளிர்ந்த நீரையும் கலப்பது மிக்சர், தண்ணீரை ஷவருக்கோ கைஷவருக்கோ திருப்பிவிடுவது டைவர்ட்டர். மறைவு டைவர்ட்டர் பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் அதன் உடல் சுவருக்குள் புதைகிறது. எவ்வளவு ஆழத்தில் புதைப்பது என்பது பூச்சு, பசை, டைல் எல்லாம் சேர்ந்த கனத்தைக் கணக்கிட்டுத்தான் முடிவாகும். ஆகவே டைலைத் தேர்ந்தெடுக்காமல் பிளம்பரை வேலை தொடங்கச் சொல்லாதீர்கள். உள்ளே தண்ணீரைத் திறந்து மூடும் கார்ட்ரிஜ் ஒருநாள் தேயும். அதை முன்பக்கத்திலிருந்தே கழற்ற முடிய வேண்டும், உதிரியும் கிடைக்க வேண்டும். முடிந்தால் ஒரு உதிரி கார்ட்ரிஜை இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.

சுவரை மூடுமுன் குழாய்களில் அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு எல்லாச் சுவரையும் படம் எடுத்துவையுங்கள். நாளைக்கு ஒரு துண்டுக் கொக்கி மாட்டத் துளை போடும்போது அந்தப் படம் உங்களைக் காப்பாற்றும்.

திருகும் இடம் ஷவருக்கு நேர் கீழேதான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. உள்ளே நுழையும் பக்கம் வைத்தால், முதலில் வரும் குளிர்ந்த தண்ணீரில் நனையாமல் கையை நீட்டித் திறக்கலாம்.

தெர்மோஸ்டாட் மிக்சர் அவசியமா?

குழந்தைகளோ முதியவர்களோ இருக்கும் வீட்டில் அவசியம் என்றே சொல்வேன். 60 டிகிரி செல்சியஸ் தண்ணீர் சில விநாடிகளில் தோலைப் புண்ணாக்கும். இந்த மிக்சருக்குள் இருக்கும் மெழுகுக் குப்பி சூட்டுக்கு ஏற்ப விரிந்து சுருங்கி, வெந்நீர் வழியைத் தானே அடைக்கும், திறக்கும். பெரும்பாலானவற்றில் 38 டிகிரியில் ஒரு தடுப்புப் பொத்தான் இருக்கும், அதை அழுத்தாமல் மேலே திருப்ப முடியாது. இதற்கும் குறைந்தபட்ச அழுத்தம் தேவை, அதையும் பார்த்து வாங்குங்கள்.

கறுப்பு, தங்கம், குரோம்: எந்த நிறம் நாள்பட உழைக்கும்?

நிறத்தைவிட அடியில் இருக்கும் உலோகத்தையும், நிறம் ஏற்றிய முறையையும் கேளுங்கள். உடல் பித்தளையாக இருக்கட்டும். எடை தூக்கிப் பார்த்தாலே தெரியும். வெற்றிடத்தில் ஆவியாகப் படியவைக்கும் பிவிடி பூச்சு மிகக் கடினமானது, எளிதில் கீறாது. வண்ணம் தெளித்த பூச்சு விளிம்புகளில் முதலில் உரியும்.

உப்புத் தண்ணீர் என்றால் மேட் கறுப்பில் ஒவ்வொரு சொட்டும் வெள்ளைப் பொட்டாகக் காயும். தேய்த்த நிக்கல் நிறம் கறையை நன்றாக மறைக்கும். பளபளக்கும் குரோம் கறையைக் காட்டினாலும், ஒரு துணியால் துடைத்தால் போய்விடும். தங்க நிறத்தில் ஒரு நிறுவனத்தின் சாயல் மற்றொன்றோடு பொருந்தாது. ஷவர், குழாய், வடிகால் மூடி, கண்ணாடிக் கீல் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

கண்ணாடித் தடுப்பு எந்தக் கனத்தில்?

8 அல்லது 10 மி.மீ., கட்டாயம் டஃபன்டு கண்ணாடி, அதாவது சூடேற்றி உறுதியாக்கியது. உடைந்தால் கத்திபோன்ற சில்லுகளாகாமல் சிறு மணிகளாக உதிரும். 10 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 25 கிலோ. 2 மீட்டர் உயரம், 900 மி.மீ. அகலமுள்ள கதவு 45 கிலோ. கீலின் திருகு டைலை மட்டும் பிடித்தால் போதாது, சுவருக்குள் போய்ப் பிடிக்க வேண்டும். டஃபன்டு செய்த பிறகு அதில் வெட்டவோ துளையிடவோ முடியாது. எனவே டைல் வேலை முழுக்க முடிந்த பிறகே அளவெடுக்கச் சொல்லுங்கள்.

கதவு வெளிப்பக்கமும் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் உள்பக்கம் மட்டும் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும்.

சுவர் மாடம், உட்காரத் திண்ணை, கைப்பிடி எல்லாம் தேவையா?

மாடம் வசதிதான். சுவர் கனமாக இருக்கிறதா, உள்ளே குழாயோ தூணோ போகிறதா என்று முதலில் பாருங்கள். மெல்லிய தடுப்புச் சுவரைக் குடையக் கூடாது. மாடத்தின் அடிப்பலகை முன்பக்கம் லேசாகச் சரிந்திருக்க வேண்டும், உள்ளேயும் நீர்க்காப்பு பூச வேண்டும். அதன் விளிம்பு டைல் கோட்டோடு பொருந்தினால் கண்ணுக்கு இதம்.

திண்ணை 430 முதல் 480 மி.மீ. உயரம். மேற்பரப்புக்கும் வாட்டம் உண்டு.

கைப்பிடியை இப்போதே பொருத்தாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் அது வரும் இடத்தில் சுவரை உறுதியாக்கி வையுங்கள். தரையிலிருந்து 840 முதல் 915 மி.மீ. உயரத்தில், சுமார் 113 கிலோ பளுவைத் தாங்கும்படி இருக்க வேண்டும் என்பது மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்கத் தர அளவு. துண்டு போடும் கம்பி அதற்கு ஈடாகாது. வழுக்கும்போது கை தானாக எட்டிப் பிடிப்பது அந்தக் கம்பியைத்தான், அது சுவரோடு பிடுங்கிக்கொண்டு வரும்.

டைல் எவ்வளவு கூடுதலாக வாங்க வேண்டும்?

நேர்வரிசைக்கு 10 சதவீதம், மூலைவாட்டாகப் போட்டால் 15. எல்லாப் பெட்டியிலும் ஒரே தொகுப்பு எண் இருக்கிறதா என்று சரிபாருங்கள். தொகுப்பு மாறினால் நிறம் மாறும். வேலை முடிந்ததும் நாலைந்து முழு டைலைப் பரணில் போட்டு வையுங்கள்.

காற்றும் வெளிச்சமும்?

வெளியேற்றும் விசிறி குளித்து முடித்த பிறகும் 20 நிமிடம் ஓடட்டும். கதவின் அடியில் விரலளவு இடைவெளி இல்லாவிட்டால் அது காற்றை எங்கிருந்து இழுக்கும்? ஷவருக்கு மேலே வரும் விளக்கு தண்ணீர் பீய்ச்சினாலும் உள்ளே புகாத ஐபி65 தரமாக இருக்கட்டும், மின்சுற்றுக்கு 30 மில்லி ஆம்பியர் மின்கசிவில் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் இருக்க வேண்டும்.

வேலை முடிந்த அன்றே குளிக்கலாமா?

கூடாது. சிலிக்கானுக்கு 24 மணி நேரம் வேண்டும். கிரௌட்டுக்கும் பசைக்கும் எவ்வளவு என்பது பையில் எழுதியிருக்கும், எது அதிகமோ அதுவரை பொறுங்கள். அந்த இடைவெளியில் ஒரு நாணயத்தை எடுத்து எல்லா டைலையும் தட்டிப் பாருங்கள். பின்னால் பொந்து இருந்து வெற்றொலி கேட்கும் டைலுக்கு ஒரு துண்டு டேப் ஒட்டி வையுங்கள். தரையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, 10 நிமிடம் கழித்து எங்கே தேங்கியிருக்கிறது என்று பாருங்கள். கடைசித் தவணைப் பணத்தை அதற்குப் பிறகு கொடுங்கள்.